பிரீபிரஸ் ஆட்டோமேஷன்: சர்வர் மேல் பழி போடும் முன்

அச்சகத்தில் பிரீபிரஸ் வேலையை, அதாவது வந்த ஃபைலைச் சரிபார்த்து அச்சுக்குத் தயாராக்குவதை, சர்வரிடம் விடும் ஆட்டோமேஷன் பேச்சு எழுந்தாலே முதல் கேள்வி "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்பதுதான். என்ஃபோகஸ் ஸ்விட்ச், எஸ்கோ ஆட்டோமேஷன் எஞ்சின், பிரினெர்ஜி, பிரினெக்ட் என்று பெயர்கள் வரும், டெமோ நடக்கும், எல்லாமே அருமையாக ஓடும். ஓடத்தானே செய்யும், விற்க வந்தவர் கையோடு கொண்டுவந்த பிடிஎஃப் ஆயிற்றே. போன மாதம் உங்களைப் பாடாய்ப் படுத்திய ஃபைல்களைக் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், அப்போதுதான் விஷயம் தெரியும். இருந்தாலும் எந்த சாஃப்ட்வேர் என்பது இரண்டாவது கேள்விதான். இந்த முயற்சி சொதப்பும் இடங்களில் பெரும்பாலும் சாஃப்ட்வேர் சொன்னதைத்தான் செய்திருக்கும், என்ன செய்யச் சொல்வது என்பதை யாரும் முடிவு பண்ணாமல் விட்டிருப்பார்கள்.

ப்ளீட், அதாவது வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் படப் பகுதி, 3 மிமீ வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். சரி, 2 மிமீ வந்தால்? ஒரு ஆப்பரேட்டர் வாடிக்கையாளருக்குத் திருப்பி அனுப்புவார், இன்னொருவர் பக்கத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சமாளிப்பார், மூன்றாமவர் ஓரத்தை கண்ணாடிப் பிம்பமாக நீட்டுவார். மனிதர்கள் செய்யும் வரை இந்த வேறுபாடு வெளியே தெரியாது. சர்வருக்கு ஒரே பதில் வேண்டும். படம் 300 பிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்) இல்லை, 220 தான் என்றால் விடலாமா, 150க்கு என்ன செய்வது, யாரிடம் கேட்பது? இதெல்லாம் ஐடி ஆள் எடுக்கும் முடிவு இல்லை. இதைத் தாளில் எழுதி, விற்பனைப் பிரிவையும் உட்கார வைத்து ஒத்துக்கொள்ள வைக்காமல் ஃப்ளோ (சர்வர் வரிசையாகச் செய்யும் படிகள்) கட்டத் தொடங்கினால், ஏற்கெனவே இருக்கும் குழப்பம் இன்னும் வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது, அதிகச் செலவு வைக்கும் தவறு: பிரீஃப்ளைட்டில், அதாவது அச்சுக்கு முன் ஃபைலைச் சோதிக்கும் படியில், தவறைக் கண்டுபிடிப்பதையும் அதைத் தானாகத் திருத்துவதையும் ஒன்றாக நினைப்பது. கண்டுபிடிப்பதை எவ்வளவு வேண்டுமானாலும் ஆட்டோமேட் செய்யலாம். திருத்துவதற்கு யோசிக்க வேண்டும். ஆர்ஜிபியை (திரை நிறம்) சிஎம்ஒய்கே (அச்சின் நாலு மை) ஆக்கு என்று பொதுவாக ஒரு விதி போட்டால், ஆர்ஜிபியில் இருந்த கறுப்பு எழுத்து நாலு கலரிலும் பிரிந்துவிடும். பிளேட் ரெஜிஸ்டர் (நாலு பிளேட்டின் அச்சும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) மயிரிழை விலகினாலும் 7 பாயின்ட் எழுத்து மங்கலாகத் தெரியும். கறுப்பை எல்லாம் ஓவர்பிரிண்ட் (அடியில் உள்ள நிறத்தை நீக்காமல் அதன் மேலேயே அச்சிடுவது) ஆக்கு என்று போட்டால் சின்ன எழுத்துக்கு நல்லது, ஆனால் படத்தின் மேல் நிற்கும் பெரிய கறுப்புக் கட்டத்தின் வழியே அடியில் இருக்கும் படம் தெரியும். ஸ்பாட் கலரை (தனி மை) பிராசஸ் கலராக (நாலு மையின் கலவை) மாற்றும் விதி புத்தக வேலைக்கு வரம், லேபிள் வேலைக்கு சாபம்: ஒளி ஊடுருவும் ஃபிலிமில் அடியில் போக வேண்டிய வெள்ளை மைக்கும் டைலைனுக்கும் (லேபிளை வெட்ட வேண்டிய வடிவத்தைக் காட்டும் கோடு) தனிச் செப்பரேஷனே (தனி நிறப் பிரிவு) இல்லாமல் போகும், டைலைன் அப்படியே கோடாக அச்சாகும். டிரான்ஸ்பரன்சியும் (அடியில் இருப்பது தெரியும்படி வைத்த அடுக்குகள்) இப்படித்தான். அச்சுக்கான பிடிஎஃப் தரங்களில் பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ அதை அனுமதிக்காது, எக்ஸ்-4 அனுமதிக்கும். பழைய அமைப்பிலிருந்து எடுத்து ஒட்டிய ஆக்‌ஷன் லிஸ்ட் ஒன்று முதல் படியிலேயே எல்லாவற்றையும் ஃப்ளாட்டன் (அந்த அடுக்குகளை ஒன்றாக்கி டிரான்ஸ்பரன்சியை நீக்குவது) செய்துகொண்டிருப்பதை யாரும் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டுவார்கள்.

ஆகவே ஒவ்வொரு வகை வேலைக்கும் தனி பிரீஃப்ளைட் புரொஃபைல் வையுங்கள். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்க வேண்டாம், அச்சுத் துறை அமைப்பான கென்ட் வொர்க்குரூப் வெளியிடும் விதித் தொகுப்புகள் நல்ல அடித்தளம். திருத்தம் எதுவானாலும் அறிக்கையில் பதிவாக வேண்டும், தோற்றத்தை மாற்றும் திருத்தம் என்றால் வாடிக்கையாளரின் ஒப்புதலுக்குப் போவது திருத்திய ஃபைலாக இருக்க வேண்டும். ஒப்புதல் வாங்கிய பின் ஃபைலைத் தொடும் எந்தப் படியையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

சிக்கிய ஜாப் எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். பல இடங்களில் 'எரர்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குச் சொந்தக்காரர் இருக்கமாட்டார். இரவு ஷிஃப்டில் நின்ற ஜாப் காலைவரை அங்கே தூங்கும், வாடிக்கையாளரிடம் "சிஸ்டத்தில் போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். எல்லோருக்கும் மெயில் போனால் யாரும் படிக்கமாட்டார்கள். ஷிஃப்டுக்கு ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பு வேண்டும், மெயிலிலும் ஜாப் எண், நின்ற படி, காரணம் மூன்றும் இருக்க வேண்டும்.

சலிப்பான, ஆனால் வேலையை நிறுத்தும் விஷயங்கள் சில. பெரிய ஃபைல் நெட்வொர்க்கில் நகலாகிக்கொண்டிருக்கும்போதே ஹாட் ஃபோல்டர் (போட்ட ஃபைலைத் தானாக எடுக்கும் ஃபோல்டர்) அதைத் தூக்கிவிட்டால் பாதி பிடிஎஃப் தான் ரிப்புக்கு (பக்கத்தை பிளேட்டுக்கான புள்ளிகளாக மாற்றும் அமைப்பு) போகும். சைஸ் கொஞ்ச நேரம் மாறாமல் நிற்கிறதா என்று பார்த்து எடுக்கும் அமைப்பு பெரும்பாலும் உண்டு, சரிபாருங்கள். விண்டோஸில் சாஃப்ட்வேர் சர்வீஸாக ஓடும்போது, நீங்கள் லாகின் செய்து உருவாக்கிய இசட் டிரைவ் அதன் கண்ணுக்குத் தெரியாது, முழு நெட்வொர்க் பாதையைக் கொடுக்க வேண்டும். டெஸ்ட் செய்தபோது ஓடியது, ரீஸ்டார்ட் செய்ததும் ஓடவில்லை என்ற புலம்பலுக்குப் பின்னால் இது அடிக்கடி இருக்கும். ஒவ்வொரு படியும் ஒரு நகல் விட்டுச் செல்வதால் டிஸ்க் நிறைவது, தானாக வரும் அப்டேட் நள்ளிரவில் சர்வரை ரீஸ்டார்ட் செய்வது, இவையும் உண்டு.

ஃபைல் பெயருக்குள் வாடிக்கையாளர், அளவு, எண்ணிக்கை, தாள் என்று எல்லாவற்றையும் திணித்து அதிலிருந்து ஃப்ளோ படித்துக்கொள்ளட்டும் என்பது ஆரம்பத்தில் சுலபம். ஒரு அண்டர்ஸ்கோர் கூடினால் ஜாப் தவறான தாளுக்கு இம்போஸ் ஆகும் (பக்கங்கள் அந்தத் தாளில் அடுக்கப்படும்). பெயரில் ஜாப் எண் மட்டும் போதும், மற்றதை எம்ஐஎஸ்ஸிலிருந்து (ஆர்டர் விவரங்கள் இருக்கும் நிர்வாக சாஃப்ட்வேர்) எக்ஸ்எம்எல்லாக எடுங்கள். அப்புறம் இந்த "ஜேடிஎஃப் சப்போர்ட் உண்டு" என்ற வாக்குறுதி. ஜேடிஎஃப் என்பது அச்சக சாஃப்ட்வேர்கள் ஜாப் விவரத்தைப் பரிமாறிக்கொள்ளும் ஃபார்மட். 2001இல் வந்த அந்த ஃபார்மட் மிகப் பரந்தது, ஒவ்வொரு நிறுவனமும் அதில் தனக்கு வேண்டிய பகுதியை மட்டும் செய்துவைத்திருக்கும். இரண்டு பக்கமும் "உண்டு" என்று சொன்னாலும் பேசிக்கொள்ளும் என்று அர்த்தம் இல்லை. எந்தெந்த விவரம் போகிறது, பிளேட் முடிந்தது என்ற தகவல் எம்ஐஎஸ்ஸுக்குத் திரும்பி வருகிறதா என்று பட்டியல் போட்டு, உங்கள் ஜாப் ஒன்றை வைத்தே காட்டச் சொல்லுங்கள்.

ஃப்ளோ கட்டுபவர் ஒருவர் மட்டும் என்றால் அவர் விடுப்பில் போகும் நாளை நினைத்துப் பாருங்கள். ஒரே பெரிய ஃப்ளோவாக இல்லாமல் துண்டு துண்டாகக் கட்டி, ஏன் இப்படி என்று அங்கேயே குறிப்பு எழுதச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ளோவில் நேரடியாகக் கை வைக்காமல் இருக்க டெஸ்ட் நகல் ஒன்றும் வேண்டும், அதற்குத் தனி லைசென்ஸ் காசு கேட்பார்களா என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். விதிவிலக்குகள் எல்லாம் தெரிந்த பழைய ஆப்பரேட்டர்களை முதல் கூட்டத்திலேயே கூப்பிடுங்கள், கடைசியில் கூப்பிட்டால் வேலை போகப்போகிறது என்றுதான் நினைப்பார்கள்.

முதலில் எடுக்க வேண்டியது எளிய, அடிக்கடி வரும் ஒரே வகை வேலை. கொஞ்ச நாள் கையாலும் சர்வராலும் இணையாகச் செய்து, இரண்டிலிருந்தும் ரிப் ஆன பக்கங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் இம்போசிஷன் போடத் தெரிந்த ஒரு ஆளும், சர்வர் இல்லாமல் நேரே ரிப்புக்கு ஃபைல் அனுப்ப ஒரு கம்ப்யூட்டரும் இருக்கட்டும், சர்வர் படுத்துவிட்டாலும் பிரஸ் பிளேட்டுக்காகக் காத்து நிற்காது.