அருகுலாவும் ஆட்டுப்பால் சீஸும்: புதிதாகச் சமைப்பவர்களுக்கு மூன்று எளிய உணவுகள்

பிரான்சுக்கு வந்த புதிதில் அருகுலா என்ற சாலட் இலையைக் கீரை என்று நினைத்துத்தான் வாங்கினேன். பூண்டும் வரமிளகாயும் தாளித்து, இலையை மொத்தமாகக் கடாயில் போட்டு வதக்கினேன். ஒரு பெரிய பை இலை இரண்டு கரண்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. காரமும் வாசனையும் போய்க் கசப்பு மட்டும் மிஞ்சியது. இரண்டு வருடம் நான் அந்த இலையின் பக்கமே போகவில்லை. பிறகு ஊரிலிருந்து வந்திருந்த அக்கா, சாலட்டுக்காக யாரோ வாங்கி வைத்திருந்த இலை ஒன்றைப் பச்சையாகவே மென்று பார்த்துவிட்டு, "என்னடா, பிஞ்சு முள்ளங்கி இலை மாதிரி சுருக்குன்னு இருக்கு!" என்றாள்.

அக்கா சொன்னது சரி. அருகுலா, கடுகும் முள்ளங்கியும் முட்டைக்கோஸும் சேர்ந்த அதே குடும்பத்துச் செடி. கடுகை முழுசாக நாக்கில் வைத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. தண்ணீர் விட்டு அரைத்தால் மூக்குக்கு ஏறும். அருகுலாவிலும் அதே கதைதான். இலை கிழியும்போது, மெல்லும்போது, உள்ளே தனித்தனியாக இருக்கும் நொதியும் கந்தகச் சத்தும் ஒன்றோடொன்று கலந்து அந்தக் காரம் பிறக்கிறது. சூடு பட்டால் நொதி செத்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு மென்றாலும் காரம் வராது. என் கடாயில் நடந்தது இதுதான்.

ஆகவே இந்த இலையில் சமைக்கத் தொடங்குபவர்கள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: இலையை அடுப்பில் வைக்க வேண்டாம், அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள். இத்தாலியில் அருகுலா பீட்சா செய்பவர்களும் பீட்சா ஓவனிலிருந்து வெளியே வந்த பிறகுதான் இலையைத் தூவுகிறார்கள்.

கடையில் எதைக் கேட்பது

ஒரே இலைக்குப் பல பெயர்கள். அமெரிக்காவில் அருகுலா, இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ராக்கெட், இத்தாலியில் ருக்கோலா, பிரான்சில் ரொக்கெத். பையில் பார்த்தால் இரண்டு வகை தெரியும். ஒன்று அகலமான, மென்மையான இளம் இலை. மற்றது ஒடுங்கி, ஓரம் ஆழமாக வெட்டுப்பட்ட இலை. இந்த இரண்டாவதில் காரம் அதிகம். முதல்முறை என்றால் இளம் இலையே வாங்குங்கள். பைக்குள் ஈரம் கோத்திருந்தாலோ, ஓர் இலையாவது கறுத்துக் கொழகொழவென்று இருந்தாலோ எடுக்காதீர்கள். அழுகல் மற்ற இலைகளுக்கும் சீக்கிரம் பரவும்.

ஆட்டுப்பால் சீஸ் வாங்கப் போனால் நிறைய வகைகளைப் பார்த்து மலைத்துப் போவோம். பிரான்சின் லுவார் ஆற்றுப் பக்கம் இதற்குப் பேர்போன இடம். அங்கே சாம்பல் பூசி, நடுவில் ஒரு வைக்கோல் தண்டு செருகிய உருளை சீஸ் உண்டு. உச்சி வெட்டிய பிரமிடு மாதிரி ஒன்றும் உண்டு. அவையெல்லாம் நாள்பட்டு முதிர்ந்தவை, மணமும் அதிகம். நீங்கள் மேல்தோல் இல்லாத, பால் வெள்ளையான, புத்தம்புது உருளையை வாங்குங்கள். தயிரைத் துணியில் வடிகட்டி இறுக்கியதுபோல் லேசான புளிப்போடு இருக்கும்.

"ஆட்டு வாடை வருமே" என்பதுதான் நம்மவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. வரும், ஆனால் எவ்வளவு வரும் என்பது சீஸின் வயதைப் பொறுத்தது. ஆட்டுப்பால் கொழுப்பில் இருக்கும் மூன்று அமிலங்களுக்குக் கப்ராயிக், கப்ரிலிக், கப்ரிக் என்று பெயர். லத்தீனில் ஆட்டுக்குச் சொல்லும் 'கப்ரா'விலிருந்தே இந்தப் பெயர்கள் வந்தன. சீஸ் முதிர முதிர இவை கொழுப்பிலிருந்து பிரிந்து வெளிவரும், வாடையும் கூடும். புது சீஸில் வாடை மெல்லியதாகத்தான் இருக்கும். எலுமிச்சையோ தேனோ சேர்ந்தால் அதுவும் அடங்கிவிடும். கர்ப்பிணிகள் மட்டும் உறையில் 'பாஸ்டரைஸ்' செய்த பால் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வெள்ளைப் பூஞ்சைத் தோல் உள்ள மென்மையான சீஸை அவர்கள் தவிர்ப்பது நல்லது.

முதலில் இலையைத் தயார் செய்வோம்

எல்லா உணவுக்கும் பொதுவான வேலை இது. அவசரப்பட்டால் இங்கேதான் கெடும். ஒரு பெரிய பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, இலையை அதில் போட்டு விரல்களால் மெதுவாக அளைந்துவிடுங்கள். மண் அடியில் தங்கட்டும். பிறகு பாத்திரத்தைச் சரித்துத் தண்ணீரை வடிக்காமல், இலையை மட்டும் இரண்டு கையாலும் அள்ளி எடுங்கள். சரித்தால் அடியில் தங்கிய மண் திரும்பவும் இலை மேலேயே வந்து உட்காரும். இலையைச் சுத்தமான பருத்தித் துண்டில் பரப்பி, துண்டைத் தளர்வாகச் சுருட்டிப் பத்து நிமிடம் வையுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் இலையில் ஒட்டாது. டிரெஸ்ஸிங், அதாவது இலை மேல் விடும் எண்ணெயும் புளிப்பும் சேர்ந்த கலவை, முழுவதும் தட்டின் அடியில் குளமாக நிற்கும். வாடித் துவண்ட இலையை ஐஸ் தண்ணீரில் பத்து, பதினைந்து நிமிடம் போட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துகொள்ளும்.

ஒன்று: பீட்ரூட், வால்நட் போட்ட சாலட்

இரண்டு பேருக்கு 80 கிராம் இலை, 60 கிராம் சீஸ், நடுத்தர பீட்ரூட் ஒன்று, ஒரு கைப்பிடி வால்நட் வேண்டும். பீட்ரூட்டைத் தோலோடு வேகவைத்து, ஆறியதும் தோலுரித்துத் துண்டு போடுங்கள். வால்நட்டை வெறும் கடாயில் சிறு தீயில் நான்கைந்து நிமிடம் வறுங்கள். வாசனை வந்ததும் உடனே தட்டில் கொட்டிவிட வேண்டும், கடாயிலேயே விட்டால் கருகிவிடும்.

டிரெஸ்ஸிங்குக்கு ஒரு பங்கு புளிப்புக்கு மூன்று பங்கு எண்ணெய் என்பது கணக்கு. மூடி உள்ள சின்னப் பாட்டிலில் 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி உப்பு, அரை தேக்கரண்டி கடுகு விழுது, அரை தேக்கரண்டி தேன் போட்டு முதலில் குலுக்குங்கள். உப்பு எண்ணெயில் கரையாது, அதனால் சாற்றிலேயே கரையட்டும். பிறகு 3 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டு அரை நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். கலவை லேசாகக் கெட்டிப்பட்டு மங்கலான மஞ்சளாக மாறும். எண்ணெயும் சாறும் பிரியாமல் பிடித்து வைப்பது அந்தக் கடுகு விழுதுதான்.

பரிமாறப்போகும் நேரத்தில் இலையை அகலமான பாத்திரத்தில் போட்டு, டிரெஸ்ஸிங்கில் பாதியை மட்டும் விட்டு, கையாலேயே கீழிருந்து மேலாகப் புரட்டுங்கள். இலை பளபளக்க வேண்டும், சொட்டக் கூடாது. போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் விட்டுக்கொள்ளலாம். பீட்ரூட்டைத் தனியாக டிரெஸ்ஸிங்கில் பிரட்டி மேலே வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாமே சிவப்பாகிவிடும். சீஸையும் வால்நட்டையும் கடைசியில் உதிர்த்துத் தூவி, மிளகு பொடித்துப் போட்டால் முடிந்தது. இலையின் காரம், சீஸின் புளிப்பு, பீட்ரூட்டின் இனிப்பு மூன்றும் ஒரே வாயில் சேரும்போதுதான் இதன் ருசி தெரியும். ஆகவே எல்லாவற்றையும் சிறு துண்டுகளாகவே வெட்டுங்கள்.

இரண்டு: சூடான சீஸ் டோஸ்ட், பக்கத்தில் இலை

இந்த மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பிரான்சின் சாதாரண உணவகங்களில் 'ஷெவ்ர ஷோ' சாலட் என்று கேட்டால் இது வரும். அமெரிக்காவில் இதன் உறவுக்கார உணவு ஒன்றுக்குப் பெயர் வாங்கித் தந்தவர் ஆலிஸ் வாட்டர்ஸ். கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1971இல் அவர் தொடங்கிய ஷே பனீஸ் உணவகத்தில், லாரா ஷெனெல் சோனோமாவில் செய்த ஆட்டுப்பால் சீஸை வட்டமாக வெட்டி, ரொட்டித்தூளில் புரட்டிச் சுட்டு, இலைகளோடு பரிமாறினார்கள்.

நாம் ரொட்டி மேலேயே வைத்துச் செய்வோம். பகெட் என்ற நீளமான பிரெஞ்சு ரொட்டியில் ஆறு துண்டுகள், ஒரு சென்டிமீட்டர் தடிமனில். சீஸையும் அதே தடிமனில் வெட்ட வேண்டும். கத்தியால் வெட்டினால் சீஸ் கத்தியோடு ஒட்டிக்கொண்டு உதிரும். அதற்குத் தையல் நூலை எடுங்கள். குளிரூட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த உருளையின் அடியில் ஒரு முழ நூலைச் செலுத்தி, இரண்டு முனையையும் மேலே கொண்டுவந்து, குறுக்கே மாற்றிப் பிடித்து மெதுவாக இழுங்கள். நூல் சீஸுக்குள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். வட்டம் விளிம்பு உடையாமல் சாய்ந்து விழும். ஆறு வட்டமும் இப்படியே.

ஓவனை 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, ரொட்டியை மட்டும் முதலில் நான்கு நிமிடம் வையுங்கள். இல்லாவிட்டால் சீஸின் ஈரத்தில் ரொட்டி சொதசொதக்கும். பிறகு சீஸ் வட்டத்தை ரொட்டி மேல் வைத்து, சில துளி ஆலிவ் எண்ணெயும் இருந்தால் கொஞ்சம் தைம் இலையும் போட்டு, ஆறு முதல் எட்டு நிமிடம் சுடுங்கள். ஓவன் இல்லாவிட்டால் தோசைக்கல் போதும். ரொட்டியை இருபுறமும் சுட்டு, சீஸ் வைத்து, மூடி போட்டுச் சிறு தீயில் மூன்று நிமிடம்.

பீட்சா சீஸ் மாதிரி இது உருகி நூலாக இழுக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். இந்தச் சீஸ் பெரும்பாலும் புளிப்பினால் உறைவது. நம் பனீர் எப்படி எண்ணெயில் போட்டாலும் ஓடாமல் நிற்கிறதோ, அதுபோல இதுவும் உருகி ஓடாது. விளிம்பு பொன்னிறமாகி, நடுவில் விரலால் தொட்டால் வெண்ணெய் போல அமுங்கினால் சரியான பதம். அதற்கு மேல் சுட்டால் காய்ந்து மணலாகிவிடும்.

டிரெஸ்ஸிங்கில் புரட்டிய இலையைத் தட்டில் குவித்து, பக்கத்தில் டோஸ்ட்டை வைத்து, ஒவ்வொன்றின் மேலும் கால் தேக்கரண்டி தேன் விடுங்கள். இலை டோஸ்ட்டுக்கு அடியில் போகக் கூடாது.

மூன்று: பாஸ்தா

200 கிராம் பாஸ்தாவுக்கு 2 லிட்டர் தண்ணீர், 20 கிராம் உப்பு. தண்ணீர் கொதிக்கும்போது இன்னொரு கடாயில் 2 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் நசுக்கிய பூண்டு இரண்டு பல், பாதியாக வெட்டிய செர்ரித் தக்காளி 150 கிராம் போட்டு, தக்காளி குழையும்வரை வதக்குங்கள். பாஸ்தாவைப் பாக்கெட்டில் சொன்னதைவிட ஒரு நிமிடம் முன்னதாக எடுத்துவிடுங்கள். அதற்கு முன் வேகவைத்த தண்ணீரில் ஒரு கப் எடுத்து வைக்க மறக்காதீர்கள், சாஸே அதில்தான் உருவாகிறது.

பாஸ்தாவைக் கடாயில் போட்டு ஒரு நிமிடம் புரட்டி, அடுப்பை அணையுங்கள். இப்போது 80 கிராம் சீஸும் அரை கப் அந்தத் தண்ணீரும் சேர்த்துக் கிளறினால், தண்ணீரில் இருக்கும் மாவுச்சத்தோடு சீஸ் கரைந்து, பாஸ்தா மேல் பாலாடை போலப் படியும். அடுப்பு எரியும்போதே போட்டால் சீஸ் திப்பி திப்பியாகத் திரியும். கடைசியில் இரண்டு பெரிய கைப்பிடி அருகுலா, துருவிய எலுமிச்சைத் தோல், மிளகு. இரண்டே புரட்டு, இலை பாதி துவண்டு பாதி விறைப்பாக இருக்கும்போதே தட்டுக்குப் போய்விட வேண்டும்.

இலையை அடுப்பில் வைக்க வேண்டாம் என்றதற்கு ஒரு விலக்கும் உண்டு. இத்தாலியின் தெற்கே புலியா பகுதியில், காது வடிவ ஒரெக்கியெத்தே பாஸ்தாவோடு ருக்கோலாவையும் கொதிக்கிற தண்ணீரிலேயே போட்டு வேகவைக்கிறார்கள். அங்கே காரம் தேவையில்லை, அந்தக் கசப்புதான் தேவை. முற்றிய தடித்த இலை கிடைத்தால் அதையும் ஒருமுறை செய்து பாருங்கள். பாகற்காய் பிடிக்கிறவர்களுக்குப் பிடிக்கும்.

இரண்டும் கடையில் கிடைக்காத ஊரில்

தமிழ்நாட்டில் சின்ன ஊர்களில் இருப்பவர்கள் நல்ல ஆட்டுப்பால் கிடைத்தால் வீட்டிலேயே சீஸ் செய்துகொள்ளலாம். 1 லிட்டர் பாலைச் சுமார் 85 டிகிரிவரை, அதாவது ஓரத்தில் நுரை கட்டிக் கொதி வரப்போகும் கட்டம்வரை காய்ச்சி இறக்கி, 4 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைச் சுற்றிலும் விட்டு, ஒரே ஒருமுறை கிளறிப் பத்து நிமிடம் விடுங்கள். பசும்பால் பனீர் போலப் பெரிய கட்டிகளாகத் திரியாது, ரவை மாதிரி பொடியாகத்தான் திரியும். பயந்து இன்னும் சாற்றை ஊற்றாதீர்கள். மெல்லிய மல்துணியில் வடித்து, அரை தேக்கரண்டி உப்புப் பிசறி, ஒன்றரை மணி நேரம் தொங்கவிட்டால் போதும். கடை சீஸின் ஆழ்ந்த புளிப்பு இதில் இருக்காது. ஆனால் சாலட்டில் உதிர்க்கவும் டோஸ்ட்டில் பூசவும் அருமையாக இருக்கும். மூன்று நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

அருகுலா விதை தொட்டியில் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். நான்கைந்து வாரத்தில் ஓர இலைகளைக் கிள்ளத் தொடங்கலாம். வெயில் ஏறினால் தண்டு விட்டுப் பூத்துவிடும், இலையும் கடுங்கசப்பாகும். அதனால் மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் விதையுங்கள். பூத்துவிட்டாலும் செடியை உடனே பிடுங்க வேண்டாம். வெளிறிய நிறத்தில், நாலு இதழோடு, கரும்பழுப்பு நரம்போடு இருக்கும் அந்தப் பூவிலும் மெல்லிய காரம் உண்டு. டோஸ்ட்டில் தேன் விட்ட சீஸ் மேல் இரண்டு பூவைக் கிள்ளிப் போட்டுச் சாப்பிடலாம்.