எல்லையோர ஊரின் வளர்ச்சியை வரைபடங்களில் படிக்க: செங்கோட்டையை முன்வைத்து

எந்த ஆண்டில் ஊர் யார் ஆட்சியில் இருந்தது என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1-இல்தான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதுவரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. பக்கத்துத் தென்காசியோ அந்தக் காலத்தில் திருநெல்வேலிச் சீமை. பழைய மாவட்ட வரைபடங்கள் பெரும்பாலும் தம் எல்லைக்கோட்டோடு நின்றுவிடும். அப்பால் வெள்ளையாக இருந்தால் அங்கே ஊர் இல்லை என்று பொருளல்ல, வரைந்தவரின் அதிகாரம் அங்கே முடிகிறது, அவ்வளவுதான். ஆகவே சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம், திருவனந்தபுரத்திலுள்ள கேரள ஆவணக் காப்பகம் இரண்டிலும் தேட வேண்டும். ஆங்கிலப் பட்டியலில் 'ஷென்கோட்டா' என்றும் பாருங்கள்.

தொடக்கத்துக்கு வார்டு, கானர் என்ற ஆங்கிலேய அளவை அதிகாரிகள் இருவரும் 1816 முதல் 1820 வரை செய்த திருவிதாங்கூர் அளவை. அடுத்து இந்திய சர்வே துறையின் ஓர் அங்குலத் தாள்கள் (ஒரு மைலுக்கு ஓர் அங்குலம், 1:63,360), பின்னர் 1:50,000. சர்வே துறையின் தாள் எண் வரிசையில் ஊர் 58 எச் கட்டத்தில் வருகிறது. 77° 15' தீர்க்கரேகைக் கோடு ஊரை ஒட்டிப் போவதால் 58 எச்/1, 58 எச்/5 இரண்டும் தேவை. ஒன்றை மட்டும் வாங்கினால் ஊர் பாதியில் அறுந்துவிடும். இரு தாள்களின் அளவை ஆண்டும் வேறாக இருக்கலாம். ஓரத்தில் அச்சான ஆண்டை அல்ல, அளந்த ஆண்டைக் குறியுங்கள். 1904-இல் வந்த கொல்லம் ரயில் பாதை ஒரு தாளில் இல்லையென்றால் அதன் அளவை அதற்கு முந்தையது. பாதை இருப்பதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். மறுபதிப்பில் ரயிலையும் சாலையையும் மட்டும் சேர்த்து, தெருக்களைப் பழையபடியே விடுவதுண்டு.

400 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 400 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஓர் அங்குலத் தாளில் ஒரு புள்ளி சுமார் 4 மீட்டர். ஆனால் அரை மில்லிமீட்டர் கோடே தரையில் 32 மீட்டர் ஆகிறது. தெருவின் அகலத்தை இதில் அளக்காதீர்கள், அது வெறும் குறியீடு.

ஸ்கேன் செய்த தாளைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இன்றைய வரைபடத்தோடு பொருத்தும்போது பலரும் சறுக்குவது இங்கேதான். தாளின் அட்ச, தீர்க்க ரேகைக் கட்டங்களைக் கொண்டு நேரே டபிள்யூஜிஎஸ் 84-இல் (ஜிபிஎஸ் பயன்படுத்தும் ஆள்கூற்று முறை) பொருத்தினால், பழைய தாள்கள் எவரெஸ்ட் என்ற வேறொரு புவி வடிவ அடிப்படையில் வரையப்பட்டதன் காரணமாக இந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 200 மீட்டர் விலகும். கோயில், பழைய பாலம், சாலைச் சந்திப்பு என இடம் மாறாதவற்றில் 8 முதல் 10 புள்ளிகளை நான்கு மூலைக்கும் பரப்பி எடுங்கள். முதல்நிலைப் பல்லுறுப்பு உருமாற்றத்துக்கு (தாளை நகர்த்தி, சுழற்றி, நீட்டிப் பொருத்தும் எளிய முறை) 3 புள்ளி போதும், ஆனால் பிழை தெரியாது. ஆற்று வளைவு, குளக்கரை, ரயில் நிலைய நடைமேடை வேண்டாம், எல்லாம் நகர்பவை. இங்கே ரயில் பாதை அகலமாக்கப்பட்டதையும் மறக்க வேண்டாம்.

தெரு அளவில் பார்க்க கிராம வரைபடமும் புலப்படமும் (ஒவ்வொரு சர்வே எண்ணுக்குமான அளவைப் படம்) வேண்டும், கூடவே நில விவரம் எழுதிய அ-பதிவேடு. நத்தம், அதாவது குடியிருப்பு நிலம், எங்கே முடிகிறதோ அதுதான் நிலவரித் திட்டக் காலத்து (நிலத்தை அளந்து வரி நிர்ணயித்த காலத்து) ஊர் எல்லை என்று தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு சர்வே எண் 1அ, 1ஆ, 2அ என்று நொறுங்கியிருந்தால் அந்தப் பக்கம் மனை பெருகியிருக்கக்கூடும், பாகப்பிரிவினையாகவும் இருக்கலாம். செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுங்கள். மனைகளுக்கு நடுவே காரணமின்றி வளைந்து செல்லும் எல்லைக்கோடு பழைய வாய்க்காலாகவோ கரையாகவோ இருக்கலாம். பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்றிருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

திருவிதாங்கூர் ஆவணங்களில் ஆவணியில் பிறக்கும் மலையாளக் கொல்லம் ஆண்டே இருக்கும். ஆங்கில ஆண்டு அறிய, ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்டுங்கள். 1080 விருச்சிகம் (கார்த்திகை) என்றால் 1904, அதே ஆண்டு மேடம் (சித்திரை) என்றால் 1905.