உயிர்ப்பு ஞாயிறு விடியற்காலையில்

ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு முடிந்து குளச்சலில் நாங்கள் வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். கையில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள். கடல்காற்று அணைக்கத்தான் செய்யும்; தேங்காய்ச் சிரட்டைக்குள் வைத்தால் நிற்கும். அப்பா கல்லறையில் நான் அப்படித்தான் ஏற்றுகிறேன்.

அப்புறம் பிள்ளைகளைக் கடற்கரையில் உட்காரவைத்து பைபிளில் யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். ராத்திரி முழுக்க வலை வீசி ஒன்றும் படாத சீடர்களுக்கு, உயிர்த்த இயேசு கரிநெருப்பில் மீன் சுட்டு வைத்திருக்கிறார். அதற்கு முன்பே அவர் சொன்னபடி வீசிய வலையில் பட்ட மீன்கள் 153. எண்ணியவர் நம்மூர் வியாபாரியாகத்தான் இருந்திருப்பார்!

வெறும் வலையோடு அப்பா கரையேறிய நாட்களில் அம்மா முதலில் கேட்டது, "சாப்பிட்டீங்களா?" அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சரி, வீட்டுக்கு வந்து சாளை (மத்தி) மீன் சுடுங்கள். சின்னதுகளுக்கு முள் எடுத்துக் கொடுங்கள்.