வெயிலை மறித்து, காற்றுக்கு வழிவிட்டு: கொங்கு நாட்டில் காருக்குக் குறைந்த செலவில் நிழல் அமைக்கும் முறை

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கத்து வீடுகளில் காரை நிறுத்த வாசலில் இடம் இருக்கும். அதற்கு மேலே கூரைதான் இருக்காது. வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் கைப்பணம் தீர்ந்துவிட, காருக்கான கொட்டகையை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பதும், அப்படித் தள்ளிவைத்ததிலேயே நான்கைந்து கோடைகள் கழிந்து காரின் மேல்பகுதிச் சாயம் வெளுத்துப்போவதும் நம் ஊர்களில் வழக்கமாக நடப்பவை. பெரிய செலவில்லாமல் இதைத் தவிர்க்க முடியும். ஆனால் எதிலிருந்து காப்பாற்றுகிறோம் என்பதை முதலில் சரியாகத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

கொட்டகை என்றதும் பெரும்பாலோருக்கு மழைதான் நினைவுக்கு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் நமது சமவெளியில் மழை மூன்றாவது எதிரி மட்டுமே. முதல் எதிரி வெயில். இரண்டாவது எதிரி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை ஓயாமல் வீசும் மேற்குக் காற்று. பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று நம் வாசல் கொட்டகையை மட்டும் விட்டுவைக்குமா? ஆகவே வெயிலை மறித்து, காற்றைப் போகவிடுகிற அமைப்பே இங்கே மலிவானதும் நீடிப்பதும் ஆகும். வால்பாறை, நீலகிரி போன்ற மலைப்பகுதிகளின் நிலவரம் இதற்கு நேர்மாறானது. அங்கு மழையே முதல் எதிரி என்பதால் இக்குறிப்புகள் அப்படியே பொருந்தா.

வெயிலின் போக்கையும் சற்றுக் கவனிக்க வேண்டும். கோவை 11 பாகை (டிகிரி) வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரை பிறந்த ஒரு வாரத்துக்குள், அதாவது ஏப்ரல் 20-ஐ ஒட்டி, நண்பகலில் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் வந்துவிடுகிறது. அப்போது மேற்கூரை ஒன்றே காரைக் காக்கும். பிற்பகல் மூன்றே கால் மணி வாக்கில் வெயில் 45 பாகைக்குச் சாய்கிறது. எட்டடி உயரப் பந்தலின் நிழல் அந்நேரத்தில் தரையில் எட்டடி கிழக்கே நகர்ந்திருக்கும். ஐந்தடி உயரமுள்ள காரின் கூரை மட்டத்தில் கணக்கிட்டாலும் மூன்றடி நகர்ந்திருக்கும். காருக்கு நேர் மேலே மட்டும் பந்தல் போட்டவர்கள் மாலையில் வந்து கதவைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொள்வதற்கு இதுவே காரணம். மேற்குப் பக்கம் பந்தலை மூன்றடி நீட்டிவிட வேண்டும். இடம் இல்லையென்றால் அப்பக்கம் ஒரு திரை தொங்கவிட வேண்டும்.

காசே செலவழிக்காமல் செய்யக்கூடியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். காரின் பின்புறம் மேற்கு நோக்கி இருக்குமாறு நிறுத்தினால், முன்கண்ணாடி வழியாக மாலை வெயில் இறங்கி டேஷ்போர்டைக் காய்ச்சுவது குறையும். முன்கண்ணாடிக்கு உட்புறம் வைக்கும் வெள்ளிப்பூச்சுத் தடுப்பு ஒன்றும் உடன் இருந்தால், தெருவில் நிறுத்துகிற வாடகை வீட்டுக்காரருக்கு அதுவே பெரிய உதவி.

மரநிழல் நல்லதுதான், ஆனால் மரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும். தென்னைக்கு அடியில் எக்காலத்திலும் நிறுத்தக் கூடாது. தேங்காய் விழாவிட்டாலும் காய்ந்த மட்டை விழுந்தாலே கண்ணாடி போய்விடும். மாமரம் பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிகள் கழிக்கும் இனிப்பான பிசின் காரெங்கும் ஒட்டி, அதன்மேல் கரும்பூஞ்சை படர்கிறது. தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகள் காற்றில் முறியக்கூடியவை. புதிதாக ஒரு மரம் வைக்க எண்ணுவோருக்குப் புங்கனையே பரிந்துரைப்பேன்: கோடைக்கு முன் இலையை உதிர்த்தாலும், வெயில் ஏறும் சித்திரைக்குள் தளிர்த்து அடர்ந்துவிடும். எந்த மரமானாலும் பறவை எச்சம் விழத்தான் செய்யும். அது அமிலத்தன்மை உடையது என்பதால் காயவிடாமல் அன்றன்றே ஈரத்துணி போட்டு ஊறவைத்துத் துடைக்க வேண்டும். காய்ந்த பிறகு சுரண்டினால் சாயத்தோடு வரும்.

கார் உறையைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. நான்கு சுவருக்குள் காற்றுப்படாத இடத்தில் நிற்கும் காருக்கு அது சரி. திறந்த வாசலில், ஆடிக் காற்றில் உறை இரவும் பகலும் படபடத்து, இடையில் சிக்கிய புழுதியை உப்புத்தாள் தேய்ப்பதுபோல் சாயத்தின்மேல் தேய்த்துவிடுகிறது. வேறு வழியில்லாதவர்கள் காரைக் கழுவி, நன்றாக உலர்ந்து, இன்ஜின் ஆறிய பிறகே உறையைப் போட வேண்டும். வயிற்றுக்கு அடியில் வார் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். மழை விட்டதும் கழற்றி ஈரம் போகக் காயவைக்க வேண்டும். திருப்பூரில் எடைக்குக் கிடைக்கும் கழிவுப் பனியன் துணியை வாங்கி, உறையின் உட்புறம் பானட், கூரை, கதவுகள் படும் இடங்களில் தைத்துவிட்டால் உராய்வு பெரிதும் குறையும்.

என் கருத்தில் நம் சமவெளிக்கு மிகப் பொருத்தமானது நிழல்வலைப் பந்தல். நாற்றுப்பண்ணைகளில் போடுகிறார்களே, அதே பச்சை வலைதான். சொட்டுநீர்ப் பாசனப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். 50, 75, 90 சதவீதம் என்று நிழலின் அளவை வைத்து விற்பார்கள். காருக்கு 75 போதும். 90 சதவீத வலை நெருக்கமாக இருப்பதால் காற்று புகாமல் பாய்மரம்போல் உப்பிக்கொள்கிறது. புறஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்யப்பட்ட வலைதானா என்று கேட்டு வாங்க வேண்டும். அப்படி இல்லாத வலை விரைவில் இற்று நார்நாராக உதிரும்.

நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார் ஏறத்தாழ 13 அடி நீளமே இருக்கும் என்றாலும், கதவைத் திறந்து இறங்கவும் பின்கதவைத் தூக்கவும் இடம் வேண்டும். எனவே 10 அடி அகலம், 18 அடி நீளம் என்று திட்டமிடுவது நல்லது. கால்களுக்கு இரும்புக் குழாய்தான் வேண்டும் என்பதில்லை. தொண்டாமுத்தூர், கிணத்துக்கடவுப் பக்கம் திராட்சைக்கும் பாகல், புடலைக்கும் போட்ட பந்தல்களைப் பிரிக்கிற தோட்டங்களில் பழைய கல்லுக்கால்கள் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். அவை துருப்பிடிப்பதில்லை, கரையான் அரிப்பதில்லை, தம் எடையாலேயே காற்றுக்கு அசையாமல் நிற்கின்றன. பத்தடிக் கல்லை இரண்டடி ஆழத்தில் நட்டுச் சுற்றிலும் சல்லி போட்டு இடித்துவிட்டால் எட்டடி உயரம் மிஞ்சும். உச்சியில் கால்களைச் சுற்றித் துத்தநாகம் பூசிய ஜிஐ கம்பியை இழுத்துக் கட்டி, நடுவிலும் இரண்டடிக்கு ஒரு கம்பி ஓட்டி, அதன்மேல் வலையை விரிக்க வேண்டும்.

வலையைக் கம்பியோடு கட்டுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினால், காற்று வெட்டி வெட்டி இழுக்கும்போது கயிறு அறுவதில்லை, வலைதான் கிழிகிறது. பஞ்சர் கடையில் வீணாகக் கிடக்கும் பழைய இருசக்கர வாகன டியூபை வாங்கி, விரல் அகலத்துக்கு வளையம் வளையமாக நறுக்கி, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு டியூப் வாரைக் கோத்துக் கட்ட வேண்டும். காற்று இழுத்தால் வார் நீண்டு கொடுக்கும், விட்டால் சுருங்கும். வலையின் விளிம்பை இரண்டு மடிப்பாக மடித்து, உள்ளே ஒரு கயிற்றைக் கொடுத்துத் தைத்த பிறகே கண்ணி போட வேண்டும். மேற்குப் பக்கத்துக்கு இதே வலையைப் பந்தலிலிருந்து, தரைக்கு மேல் மூன்றடி இடைவெளி மிஞ்சும்படி திரையாக இறக்கினால் மாலை வெயில் மறைந்துவிடும். காற்று அதன் ஊடாகவும் அடியிலும் போய்விடும். மழை உள்ளே வரும் என்பது உண்மைதான். மழையில் நனைவதால் காருக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

பந்தல் என்றதும் அதில் கொடி ஏற்ற ஆசை வரும். பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான். நாம் தேருக்கு முல்லையைக் கொடுத்தால் சருகும் எறும்பும் பூச்சி எச்சமும்தான் காரின்மேல் கொட்டும்.

தார்ப்பாய் விஷயத்தில் என் அனுபவத்தையே சொல்கிறேன். பல்லடம் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வாசலில், நான்கு சவுக்குக் கம்பம் நட்டு ஒரு தார்ப்பாயை நானே சமதளமாக இழுத்துக் கட்டினேன். முதல் ஆடியிலேயே அது பித்தளைக் கண்ணிகளை மட்டும் கயிற்றில் விட்டுவிட்டுப் பறந்துபோய்க் கிளுவை வேலியில் கிடந்தது. அம்மியே பறக்கும் என்று சொல்லிவைத்த மாதத்தில் தார்ப்பாய் பறந்ததற்கு யாரைக் குறை சொல்ல முடியும்? புதிதாக வாங்கிக் கட்டியது ஐப்பசி வரை நின்றது. ஓர் இரவு மழையில் நடுவில் தண்ணீர் தேங்கிக் கம்பத்தோடு சரிந்தது. பத்துக்குப் பத்து அடிப் பரப்பில் ஓர் அங்குலம் தண்ணீர் தேங்கினாலே 236 லிட்டர், அதாவது 236 கிலோ எடை ஆகிறது என்பதை மறுநாள் காலையில் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன். தார்ப்பாய் போடுவதானால் நடுவில் ஒரு முகட்டுக் கம்பு வைத்து இருபுறமும் நன்றாகச் சரித்துப் போட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்காக ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் நிழல்வலையின் மேல் விரித்துவிட்டுப் பிறகு சுருட்டி வைப்பதே நல்லது. லாரித் தொழில் நடக்கும் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டில் பழைய லாரிப் படுதா கிடைத்தால், அது கடைத் தார்ப்பாயைவிடக் கனமானது. விளம்பரப் பிளக்ஸை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். வெயிலில் மொடமொடத்து உடைந்துவிடும்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தடுக்கும், கோபி, சத்தியமங்கலம் பக்கம் கரும்புச் சோகையும் எளிதில் கிடைக்கும். குளிர்ச்சியில் இவற்றுக்கு ஈடு இல்லை. ஆனால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி வேய வேண்டும். தீபாவளி வாணத்துக்குப் பயப்பட வேண்டும். கூரையில் குடியேறும் எலி, இரவில் இறங்கி வந்து இன்ஜின் சூட்டில் படுத்துக்கொண்டு ஒயரைக் கடித்துவைக்கும். ஊருக்குள் இருக்கும் வீட்டுக்கு இதை நான் சொல்லமாட்டேன். சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்குச் சரி.

நிரந்தரமாக வேண்டும் என்போர் கடைசியில் தகரத்துக்கே வருவார்கள். இரும்புக் குழாயில் சட்டம் கட்டி, நிறம் பூசிய தகடு போடும் வேலையை எந்த ஊர் கிரில் பட்டறையும் செய்து கொடுக்கும். எங்கள் பட்டறைக்காரரிடம் கால்கள் பாரத்தைத் தாங்குமா என்று கேட்டேன். "விழுகாதுங்க, காத்துதான் தூக்குமுங்க. அதைத்தான் பாக்கோணும்" என்றார். அவர் சொன்னது கணக்குக்கும் ஒத்துவருகிறது. 10-க்கு 18 அடிக் கூரையின் அரை மில்லிமீட்டர் தகடு முழுவதையும் சேர்த்தால் எடை 80 கிலோ அளவில்தான் வரும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 17 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தைத் தரக்கூடியது. ஏறத்தாழ 17 சதுர மீட்டர்க் கூரைக்கு அது 280 கிலோவுக்கு மேல். கோடை மழைக்கு முன் அடிக்கும் சூறை 100 கிலோமீட்டரைத் தொட்டால் அதுவே 800 கிலோ அளவுக்கு ஏறிவிடும். கூரையின் சாய்வையும் பக்க மறைப்பையும் பொறுத்து இது கூடும், குறையும். எப்படியானாலும் தகட்டின் எடை ஒரு பொருட்டே அல்ல.

ஆகவே குழாயின் கனத்தைவிடக் குழியின் அளவைக் கறாராகப் பேச வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, இரண்டடி ஆழம் என்று குழி எடுத்துக் கான்கிரீட் நிரப்பினால் ஒரு குழிக்கு 300 கிலோ வரும். நான்கு குழிக்கு 1,200 கிலோ. காலின் அடியில் குறுக்குக் கம்பி பற்றவைத்துப் புதைத்தால்தான் குழாய் மட்டும் தனியே உருவிக்கொண்டு வராது. தகட்டின் ஓரங்களில்தான் காற்றின் இழுவை அதிகம் என்பதால், நடுவில் போடுவதைவிட ஓரத்தில் திருகுகளை நெருக்கிப் போடச் சொல்ல வேண்டும்; ஒவ்வொரு திருகுக்கும் ரப்பர் வாஷர் கட்டாயம். பத்தடி அகலத்துக்கு ஓரடி வாட்டம் போதும். தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் விழாதபடி வாட்டத்தின் திசையை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். இந்த ஒன்றால் கெட்டுப்போன அண்டை உறவுகளை நான் பார்த்திருக்கிறேன். நிறம் வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோ இருந்தால் சூடு குறையும். மலிவாகக் கிடைக்கிறது என்று கல்நார்த் தகட்டை வாங்கக் கூடாது; அதை அறுக்கும்போதும் அது உடையும்போதும் பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு. மூன்று பக்கத்தையும் தகரத்தால் அடைப்பதும் வேண்டாம். காற்று உள்ளே நுழைந்து, வெளியேற வழியில்லாமல் கூரையைத்தான் தூக்கும்.

நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள், மனையில் கட்டாயமாகத் திறந்துவிட வேண்டிய இடத்தில் நிலையான கூரை போடுவதற்கு முன், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 தம் மனைக்கு என்ன சொல்கின்றன என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. மின்கம்பிக்கு அடியில் எந்தப் பந்தலும் போடக் கூடாது.

எதைப் போட்டாலும் வருடத்தில் இரண்டு நாள் அதற்கு ஒதுக்க வேண்டும். வைகாசி முடிவதற்குள் ஏணி போட்டு ஏறி, வெடிப்பு விட்ட டியூப் வார்களை மாற்றி, தளர்ந்த திருகுகளை முறுக்க வேண்டும்; வாரை இரு விரலால் இழுத்துப் பார்த்தால் போதும், வெடிப்பு கண்ணுக்குத் தெரியும். புரட்டாசிக் கடைசியில் சருகைக் கூட்டித் தள்ளி, தண்ணீர் இறங்கும் வழியில் குருவி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். குஞ்சு இருந்தால் அது பறக்கும் வரை அந்தப் பக்கத்துத் தண்ணீர் வாசலில் விழட்டும்; காரை ஓரடி தள்ளி நிறுத்திக்கொள்ளலாம்.