கைத்துப்பாக்கில மான் வேட்டைக்குப் போறீங்களா? பக்கத்துல நிக்குற மான்கிட்ட பண்ற தவறுகள்

நம்ம பெங்களூர் அல்சூர், கே.ஆர்.புரம், எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்துல இருந்து ஆன்சைட் போற தமிழ்ப் பசங்க இப்ப நிறைய பேரு ஒஹாயோ, இல்லினாய்ஸ், டெக்சாஸ்னு போய் உக்காந்துடறாங்க, நவம்பர் வந்தா ஆபீஸ்ல பாதிப் பேரு டீர் சீசன்னு லீவ் போடறான், அதுல ஒருத்தன் "நீயும் வாடா, எங்க நிலத்துல பரண் இருக்கு, ரிவால்வர் தரேன்"னு கூப்பிடறான். உடனே எனக்கு மெசேஜ் வரும், "அண்ணா, மான் இருபது முப்பது அடியில வந்து நிக்குமாம், அவ்ளோ கிட்டன்னா பிஸ்டல்லயே அடிச்சிடலாம்ல?"

இந்த "அவ்ளோ கிட்டன்னா"ங்கறதுலதான் எல்லாத் தப்பும் ஆரம்பிக்குது. கைத்துப்பாக்கி வேட்டைல கிட்ட வர்றது வேலைய சுலபமாக்காது, வேற மாதிரி கஷ்டமாக்கும். தப்பா போச்சுன்னா உங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமைதான் வீணாகும், அந்த மானுக்கு வயித்துல குண்டோட ராத்திரி பூரா கிடக்கணும். அத மனசுல வச்சுக்கிட்டுதான் இத எழுதறேன்.

முதல்ல நம்ம ஊர் விஷயத்த முடிச்சிடறேன். இந்தியால இது கிடையவே கிடையாது. பன்னேர்கட்டா பக்கமோ பந்திப்பூர் ரோட்லயோ புள்ளிமான் கூட்டமா நிக்குதேன்னு யாராவது கையில எதையாவது தூக்கினா 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல கிரிமினல் கேஸ், ஜெயில், ஏர்கன்னா இருந்தாலும் அதேதான். அங்க கத்துக்கிட்டு வந்து இங்க எஸ்டேட்ல ட்ரை பண்ணலாம்னு யோசிக்கிறவங்க இதோட படிக்கிறத நிறுத்திடுங்க, உங்களுக்கு நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.

அமெரிக்கால பண்ற முதல் தப்பு பேப்பர்ல. எச்-1பி, எல்-1, எஃப்-1, பி-1 மாதிரி விசால இருக்கறவங்க அங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சுக்கவே கூடாது, அது அவங்க ஃபெடரல் சட்டம். அதுல இருக்கற முக்கியமான விதிவிலக்கு, அந்த நாட்டுல ஏதாவது ஒரு மாநிலம் முறையா கொடுத்த வேட்டை லைசென்ஸ் உங்க கையில செல்லுபடியா இருக்கணும். "ஃப்ரெண்டோட துப்பாக்கிதானே, சும்மா ஒரு ரவுண்டு சுட்டுப் பாத்தேன்"னு சொல்றது அங்க எடுபடாது, கையில வாங்கினாலே பிரச்சனைதான், விசாவே போயிடும். அதனால ரேஞ்சுக்கு பிராக்டிஸ் போறதுக்கு முன்னாடியே லைசென்ஸ எடுங்க. அதுக்கு ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ் வேணும், டெக்சாஸ்ல 1971 செப்டம்பர் 2 அன்னிக்கோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க எல்லாரும் முடிச்சிருக்கணும், நம்ம ஆளுங்க கிட்டத்தட்ட எல்லாருமே அதுல வந்துடுவாங்க. கிரீன் கார்டு வச்சிருக்கறவங்களுக்கு இந்த விசா தொல்லை இல்ல, ஆனா வேட்டை லைசென்ஸ் வேணும்.

அப்புறம் எந்தத் துப்பாக்கின்றது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒஹாயோல பேரல், அதாவது குழல், குறைஞ்சது 5 இஞ்ச் இருக்கணும், தோட்டா .357 (குண்டோட குறுக்களவு, இஞ்ச்ல) அல்லது அதுக்கு மேல, அதோட கேஸ், அதாவது தோட்டாவோட பித்தளைக் கூடு, கழுத்து சுருங்காம நேரா இருக்கணும். இல்லினாய்ஸ்ல பேரல் 4 இஞ்ச். டெக்சாஸ்ல ரிம்ஃபயர் தோட்டால (அடிப்பக்க விளிம்புல அடிச்சு வெடிக்கிற வகை) மான சுடக் கூடாது, அதாவது நம்ம ரேஞ்சுல சுடற .22 அங்க மானுக்கு ஆகாது. நண்பன் சொன்னான்னு போகாதீங்க, அந்த வருஷத்து ரூல் புக்க நீங்களே ஒரு தடவ படிங்க, வருஷா வருஷம் மாத்தறாங்க.

சரி, தோட்டா. வீட்டுப் பாதுகாப்புக்கு வச்சிருக்கற 9 எம்எம்ம எடுத்துட்டுப் போறது ரொம்ப சகஜமான தப்பு. கணக்கு போட்டா 9 எம்எம் குண்டு சுமார் 500 ஜூல் சக்தியோட கிளம்புது, .357 மேக்னம் 700 சொச்சம், .44 மேக்னம் 1300 பக்கம். சாதாரண .308 ரைஃபிள் 3500. இந்தக் கடைசி நம்பர பாத்தாலே புரியும், கைத்துப்பாக்கிக்கு ரைஃபிளோட அடி கிடையாது, அது ஒரு ஓட்டை போடுது, அவ்ளோதான். அந்த ஓட்டை ரெண்டு நுரையீரலையும் தாண்டி அந்தப் பக்கம் வெளிய வரணும். .357 வந்தது 1935ல, .44 வந்தது 1955ல, இத்தனை வருஷமா வேட்டைக்காரங்க .357தான் மானுக்குக் கீழ்வரம்புன்னு வச்சிருக்காங்க, அதுவும் கிட்டத்துல மட்டும். இன்னொன்னு, பாதுகாப்புக்குன்னு விக்கிற ஹாலோ பாயின்ட், அதாவது முனையில குழி வச்ச குண்டு சட்டுனு விரிஞ்சு பாதியில நின்னுடும், மனுஷ ஒடம்புக்காகப் பண்ணது அது. தோள் எலும்புல பட்டா மேலோட்டமா ஒரு பெரிய காயம், மான் ஓடிப் போயிடும். கனமான சாஃப்ட் பாயின்ட் (முனையில ஈயம் வெளிய தெரியற குண்டு), இல்லன்னா வேட்டைக்குன்னே பண்ற கெட்டிக் குண்டு வாங்குங்க. செம்புக் குண்டும் நல்லா வேல செய்யுது, கறியில ஈயத் தூளும் வராது.

இப்ப தூரம். இங்கதான் நான் நிறைய சொல்லணும். மானோட இதயமும் நுரையீரலும் இருக்கற இடம் சுமார் 8 இஞ்ச் வட்டம், கல்யாணத்துல டிபன் வைக்கிற சின்ன பேப்பர் பிளேட் சைஸு. இப்ப 6 இஞ்ச் பேரல் ரிவால்வர எடுங்க, முன்னாடி குறிக்கும் பின்னாடி குறிக்கும் நடுவுல சுமார் 20 சென்டிமீட்டர்தான் இருக்கும். முன் குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினா 25 மீட்டர்ல குண்டு 12.5 சென்டிமீட்டர் தள்ளி விழும். அந்தப் பிளேட்டோட நடுவுல இருந்து ஓரம் வரைக்கும் பத்து சென்டிமீட்டர்தான். அதாவது ஒரு மில்லிமீட்டர் நடுக்கத்துல நுரையீரல் போய் வயிறு ஆயிடுது. ரைஃபிள்ல அந்த ஒரு மில்லிமீட்டர் இவ்ளோ தண்டிக்காது, ஏன்னா குறி நீளம் அதிகம், தோள்ல ஊனியும் இருக்கு.

அதனால உங்க எல்லைய துப்பாக்கி சொல்லாது, பெட்டி மேல எழுதின நம்பரும் சொல்லாது, பிளேட்டுதான் சொல்லும். பிளேட்ட மாட்டி, வேட்டைல எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காந்து, ஜாக்கெட் போட்டுக்கிட்டு, கொஞ்சம் ஓடி வந்து மூச்சு வாங்கற நேரத்துல சுடுங்க. ஒவ்வொரு குண்டும் பிளேட்டுக்குள்ள விழற தூரம் எதுவோ அதுதான் உங்க தூரம், அஞ்சுல நாலு விழற தூரம் உங்க தூரம் இல்ல. புதுசா வர்ற பெரும்பாலானவங்களுக்கு சாதாரண குறி வச்ச ரிவால்வர்ல அது 20, 25 யார்டுக்குள்ளதான் இருக்கும்னு நான் சொல்வேன். பெஞ்சுல மணல் மூட்டை மேல வச்சு 50 யார்டு சுட்டத வச்சு 50 யார்டு மானுக்கு சுடறவங்கள பாத்தா எனக்குக் கோவம் வரும்.

நடுங்கறது எதனால? மேக்னம் தோட்டா கையில உதைக்கும், சத்தம் காத அடைக்கும், மூள அத ஞாபகம் வச்சுக்கிட்டு ட்ரிகர் அழுத்தற அதே நொடில மணிக்கட்ட கீழ தள்ளிடும், கண்ணையும் மூடிடும். இதுக்கு நல்ல வைத்தியம், சிலிண்டர்ல, அதாவது தோட்டா போடற உருளைல, மூணு நிஜ தோட்டா, வெடிக்காத மூணு டம்மி கலந்து போட்டு, சுத்தி விட்டு, எது எங்க இருக்குன்னு தெரியாம சுடறது. டம்மி வர்றப்போ முனை கீழ குனிஞ்சுதுன்னா குட்டு வெளிப்பட்டுடும். .357 ரிவால்வர்ல .38 ஸ்பெஷல், .44ல .44 ஸ்பெஷல் போட்டு மெதுவா ஆரம்பிக்கலாம். இன்னும் ஒண்ணு, இதுக்கு அமெரிக்கா போற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், பெங்களூர்லயே 10 மீட்டர் ஏர் பிஸ்டல் ரேஞ்சுங்க இருக்கு, .177ல 20 ஜூலுக்குள்ள இருக்கற ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸும் வேணாம். அந்த டார்கெட்ல பத்துப் பாயின்ட் வட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர். நாலஞ்சு மாசம் ஒழுங்கா ஒரு கோச்கிட்ட நின்னவன் ட்ரிகர அழுத்தற விதமே வேற, அத நான் அமெரிக்கால நேர்லயே பாத்திருக்கேன், ரைஃபிளோடயே வளந்த ஆளுங்களவிட நம்ம பையன் சுத்தமா சுட்டான்.

பரண் மேல இருந்து சுடறப்போ வர்ற தப்பு யாரும் சொல்லித் தர்றதில்ல. 20 அடி உயரத்துல உக்காந்திருக்கீங்க, மான் 60 அடி தள்ளி நின்னா கோணம் 18 டிகிரி பக்கம்தான், நேரா சுடற மாதிரியே. அதே மான் நடந்து வந்து 15 அடியில நின்னா கோணம் 50 டிகிரி கிட்ட போயிடும். மேல இருந்து பாக்குறப்போ முதுகு அகலமாத் தெரியும், நெஞ்சு சின்னதா ஆயிடும், வழக்கமா குறி வைக்கிற இடத்துலயே வச்சா குண்டு ஒரு நுரையீரல மட்டும் தொட்டுட்டு இறங்கிடும். ஒரு நுரையீரலோட மான் ரொம்ப தூரம் போகும். அதனால குண்டு எங்க நுழையுதுன்னு பாக்காதீங்க, எங்க வெளிய வரணும்னு பாருங்க, அந்தப் பக்க முன்னங்காலுக்குப் பக்கத்துல வெளிய வர்ற மாதிரி குறி வைங்க. மான் உங்க காலுக்கு நேர் கீழ வந்து நின்னுடுச்சா, விட்டுடுங்க, நகரட்டும். மான் முழுசா பக்கவாட்டுல நிக்கணும், இல்லன்னா லேசா அந்தப் பக்கம் திரும்பி நிக்கணும். நேரா உங்களப் பாத்து நிக்குறது, பின்பக்கம் காட்டி நிக்குறது, தலை, கழுத்து, இதெல்லாம் கைத்துப்பாக்கிக்கு சுடக் கூடாத வெடி. பத்தடில நின்னாலும் கூடாது.

கிட்ட வந்த மான் ஒவ்வொரு சத்தத்தையும் கேக்கும். சிங்கிள் ஆக்ஷன்ல, அதாவது சுடறதுக்கு முன்னாடி பின்னாடி இருக்கற ஹேமர கட்டை விரலால இழுக்கறப்போ, வர்ற அந்த டக் சத்தம் காலைல ஆறு மணிக்கு காட்டுல பெருசாக் கேக்கும், தல தூக்கிப் பாத்துச்சுன்னா முடிஞ்சுது. அதுக்காக மான் வர்றதுக்கு முன்னாடியே ஹேமர இழுத்து வச்சுக்கிட்டு உக்காராதீங்க, ரொம்ப ஆபத்து. மரத்துக்குப் பின்னாடி அது தல போற நேரத்துல துப்பாக்கிய தூக்குங்க, அப்பவே ஹேமரயும் இழுங்க. சுட வாய்ப்பு வரலன்னா முனைய ஆபத்தில்லாத பக்கம் வச்சு கட்டை விரலால மெதுவா இறக்கணும், இத வீட்ல காலி துப்பாக்கில கை மரத்துப் போற அளவுக்குப் பழகிட்டுப் போங்க. சத்தம் கேட்ருமேன்னு அவசரப்பட்டு சுடறதவிட அந்த மான் போனாப் போகட்டும், பதறாத காரியம் சிதறாது.

ஊனி சுடறப்போ பேரல பரணோட கம்பி மேல வைக்காதீங்க, குண்டு மேல ஏறும், கைய ஊனுங்க. ரிவால்வர்ல சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல ஒரு சின்ன இடுக்கு இருக்கு, அதுல இருந்து வர்ற சூடான வாயு விரல வெட்டிடும், ரைஃபிள் பிடிக்கிற பழக்கத்துல இடது கைய முன்னாடி கொண்டு போறவங்க ரொம்ப கவனம். காதுக்கு எலக்ட்ரானிக் மஃப் போடுங்க, மேக்னம் கைத்துப்பாக்கி 160 டெசிபல் கிட்ட போகும், 140 தாண்டினாலே ஒரே வெடில காது நிரந்தரமா கெடலாம், "ஒரு குண்டுதானே"ன்னு சொல்றவங்களுக்குத்தான் ஆயுசுக்கும் காதுல ரீங்காரம் கேக்குது. பரண் ஏறுறப்போ உடம்பு முழுக்கப் பிடிக்கிற பாதுகாப்பு ஹார்னஸ், துப்பாக்கி காலியா கயித்துல கட்டி அப்புறமா மேல இழுக்கறது, இதுல பேரமே கிடையாது.

சுட்டாச்சு. இப்ப பண்ற தப்புதான் எனக்கு ரொம்ப வலிக்கும். நுரையீரல்ல சரியா பட்ட மானும் அங்கயே விழாது, அம்பது நூறு யார்டு ஓடும், உடனே "மிஸ் ஆயிடுச்சு"ன்னு கிளம்பிடறாங்க, இல்லன்னா பின்னாடியே ஓடி விரட்டறாங்க. ரெண்டும் வேண்டாம். நின்ன இடத்த ஒரு மரத்த வச்சுக் குறிச்சுக்கோங்க, கடைசியா எந்தப் பக்கம் போச்சுன்னு பாருங்க, அரை மணி நேரம் அசையாம உக்காருங்க. அப்புறம் இறங்கி ரத்தத்த பாருங்க. இளஞ்சிவப்பா நுரையோட இருந்தா நுரையீரல், பக்கத்துலயே கிடைக்கும். கருஞ்சிவப்பா இருந்தா கல்லீரல், இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் விடுங்க. பச்சையா, சாணி வாசனையோட இருந்தா வயிறு, ஆறு மணி நேரமாவது கிட்ட போகாதீங்க, துரத்தினா அது கடைசி பலத்த வச்சு ரெண்டு மைல் போய் யாரும் கண்டுபிடிக்க முடியாத புதர்ல கிடந்து சாகும். ரத்தமே இல்லன்னாலும் நூறு நூத்தம்பது யார்டு வட்டமா தேடணும், கூட ஆளக் கூப்பிடணும், மாநிலம் அனுமதிச்சா மோப்ப நாயையும் கூப்பிடணும். நாளைக்கு மீட்டிங் இருக்குன்னு பாதியில விட்டுட்டு வர்றவங்க தயவுசெஞ்சு இந்தப் பக்கமே வராதீங்க.

திரும்பி வர்றப்போ ஒரு விஷயம். வேட்டைக்குப் போட்ட ஜாக்கெட், பேக் எல்லாத்தோட எல்லாப் பாக்கெட்டையும் வெளிய திருப்பிப் பாருங்க. ஒரே ஒரு தோட்டா மடிப்புல மாட்டி இருந்து கெம்பேகவுடா ஏர்போர்ட் ஸ்கேனர்ல தெரிஞ்சா ஆயுதச் சட்டத்துல எஃப்.ஐ.ஆர்தான், "எனக்குத் தெரியாது சார்"னு கோர்ட்ல நிரூபிக்கற வரைக்கும் அலையணும். ஞாபகத்துக்குன்னு காலி கேஸ் கூட எடுத்துட்டு வராதீங்க, கொம்பும் வேண்டாம். அந்த ஜாக்கெட்ட அங்கயே நண்பன் வீட்ல விட்டுட்டு வாங்க.