ஃப்ளட்டரில் நம் தேவைக்கேற்ற பாப்-அப் பெட்டி செய்வது எப்படி

ஃப்ளட்டர் என்பது ஆப்கள் எழுதும் கருவித்தொகுப்பு. அதில் எழுதிய ஆப்பில் வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்யத் தொடும்போது ஒரு பெட்டி மேலே வர வேண்டும். அதில் ஒரு கேள்வி, தேர்ந்தெடுக்க நான்கு காரணங்கள், விருப்பமிருந்தால் எழுத ஒரு கட்டம், கீழே இரண்டு பட்டன்கள், பெட்டியின் தலைக்கு மேல் பாதி துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு வட்ட ஐகான். தலைப்பு, செய்தி, பட்டன் என்று அடங்கிவிட்டால் அலர்ட்டயலாக் என்ற தயார்ப் பெட்டி போதும். இங்கே போதாது. டயலாக் என்ற வெறும் பெட்டி விட்ஜெட்டை (விட்ஜெட் என்றால் திரையின் ஒரு கட்டுமானத் துண்டு) எடுத்து உள்ளே எல்லாவற்றையும் நாமே அடுக்க வேண்டும்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பாப்-அப் என்பது உங்கள் பக்கத்துக்குள் இருக்கும் விட்ஜெட் அல்ல. பெட்டியைக் காட்டும் ஷோடயலாக்கை அழைக்கும்போது, பக்கங்களை அடுக்கி வைக்கும் நேவிகேட்டரின் அடுக்கில் புதிதாக ஒரு ரூட், அதாவது தனிப் பக்கம் போன்ற ஒன்று, ஏறி உட்காருகிறது. கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால்தான் வருகின்றன.

அழைப்பதும் பதில் வாங்குவதும்

ஷோடயலாக் ஒரு ஃபியூச்சரை, அதாவது பின்னால் வரப்போகும் பதிலை, திருப்பித் தரும். நமக்குக் காரணம் வேண்டும் என்பதால் அதன் வகையை ஸ்ட்ரிங் என்று குறித்து, அவெய்ட் போட்டுக் காத்திருங்கள். உறுதி செய்யும் பட்டனில் நேவிகேட்டர்.பாப் அழைத்து, தேர்ந்தெடுத்த காரணத்தை இரண்டாவது மதிப்பாகக் கொடுத்தால் அது இங்கே வந்து சேரும். பயனர் பெட்டிக்கு வெளியே தொட்டாலோ பேக் பட்டனை அழுத்தினாலோ வருவது நல் (null), அதாவது மதிப்பே இல்லை. அதை 'முடிவெடுக்கவில்லை' என்றே கொள்ளுங்கள். நல் வராது என்று நம்பி ஆச்சரியக்குறி போட்டுத் திறக்கும் கோட், முதல் முறை வெளியே தொட்டதுமே விழுந்துவிடும்.

அவெய்ட் முடிந்ததும் நேராக ஸ்நாக்பார் (கீழே சிறிது நேரம் தோன்றும் செய்திப் பட்டை) காட்டாதீர்கள். அதற்குள் பக்கமே போயிருக்கலாம். கான்டெக்ஸ்ட் என்பது விட்ஜெட் இருக்கும் இடத்தின் குறிப்பு; கான்டெக்ஸ்ட்.மவுண்டட் சரிதானா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

பெட்டியை உருவாக்கும் பில்டர் தரும் கான்டெக்ஸ்டுக்கு டயலாக்கான்டெக்ஸ்ட் என்று தனிப்பெயர் வையுங்கள். கீழே டேப் பட்டை உள்ள ஆப்களில் ஒவ்வொரு டேபுக்கும் தனி நேவிகேட்டர் இருப்பது வழக்கம். ஷோடயலாக் இயல்பாகவே பெட்டியை மூல நேவிகேட்டரில் ஏற்றும். மூடும்போது பக்கத்தின் கான்டெக்ஸ்டைக் கொடுத்தால் டேபுக்குள் இருக்கும் பக்கம் மூடிக்கொள்ளும், பெட்டி அப்படியே நிற்கும். டயலாக்கான்டெக்ஸ்டைக் கொடுத்தால் இந்தச் சிக்கலே வராது.

பெட்டியின் உடல்

டயலாக்கைச் சுற்றி இயல்பாகவே பக்கவாட்டில் 40, மேலும் கீழும் 24 அளவு இன்செட்பேடிங் உண்டு. 360 அகலமுள்ள போனில் இரு பக்கமும் 40 போனால் மிஞ்சுவது 280. தமிழ் வரிகளுக்கு அது நெருக்கம். பக்கவாட்டு அளவை 16 ஆக்கினால் 328 கிடைக்கும். ஆனால் டேப்லெட்டில் பெட்டி திரை முழுக்க நீண்டுவிடும். அதனால் டயலாக்கின் உள்ளே முதல் விட்ஜெட்டாக ஒரு கன்ஸ்ட்ரெயின்ட்பாக்ஸ் போட்டு, அதிகபட்ச அகலம் 400 என்று கட்டுப்படுத்துங்கள்.

அதற்குள் 24 பேடிங், அதற்குள் காலம் (Column, மேலிருந்து கீழாக அடுக்கும் விட்ஜெட்). காலத்தின் மெயின்ஆக்சிஸ்சைஸ் மதிப்பு மின் (min) என்று இருக்க வேண்டும். இதை விட்டால் இரண்டு வரிச் செய்திக்கும் பெட்டி திரை உயரத்துக்கு நீளும். காரணங்களும் எழுதும் கட்டமும் இருக்கும் பகுதியை ஃப்ளெக்சிபிளுக்குள் சிங்கிள்சைல்ட்ஸ்க்ரோல்வியூ வைத்துப் போடுங்கள், பட்டன்களை அதற்கு வெளியே கீழே வையுங்கள். உள்ளடக்கம் நீண்டால் நடுப்பகுதி மட்டும் உருளும், பட்டன்கள் கண்ணிலேயே இருக்கும். ஃப்ளெக்சிபிளுக்குப் பதில் எக்ஸ்பேண்டட் போட்டால் பெட்டி மறுபடி முழு உயரத்துக்குப் போய்விடும்.

கீபோர்டு மேலே வரும்போது டயலாக் தானாகவே அதற்கு இடம் விட்டு நகரும். கீழிருந்து எழும் பாட்டம்ஷீட்டின் கோடிலிருந்து, கீபோர்டின் உயரத்தைச் சொல்லும் வியூஇன்செட்ஸ் வரியை எடுத்து இங்கேயும் ஒட்டினால் இடம் இரண்டு மடங்காகிப் பெட்டி நசுங்கும். அந்த வரி இங்கே வேண்டாம். மஞ்சள் கறுப்புக் கோடுகள் தெரிந்தால், உருள வேண்டிய பகுதி உருளாமல் இருக்கிறது என்று பொருள்.

இனி அந்த வட்ட ஐகான். பலரும், விட்ஜெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் ஸ்டாக்கின் கிளிப்பிஹேவியரை (எல்லைக்கு வெளியே இருப்பதை வெட்டும் அமைப்பு) நன் (none) ஆக்கிவிட்டு, ஐகானை மைனஸ் 40 உயரத்தில் நிறுத்துவார்கள். வெறும் படத்துக்கு இது போதும், தொட வேண்டிய பட்டனுக்கு ஆகாது. ஸ்டாக்கின் எல்லைக்கு வெளியே தெரியும் பகுதி கண்ணுக்குத்தான் உண்டு, விரலுக்கு இல்லை. மூலையில் பாதி வெளியே நிற்கும் மூடும் பட்டனில் இது நன்றாகவே ஏமாற்றும். வெளிப்பாதியைத் தொட்டால் தொடுதல் பின்னால் இருக்கும் இருட்டுத் திரைக்குப் போய்ப் பெட்டி மூடிவிடும், பட்டன் வேலை செய்வதாகவே தோன்றும். பிறகு ஒருநாள், வெளியே தொட்டு மூடுவதை அனுமதிக்கும் பேரியர்டிஸ்மிசிபிளை ஃபால்ஸ் ஆக்கியதும் பட்டன் பாதி செத்துப்போகும். சரியான வழி: டயலாக்கின் பின்னணி நிறத்தை டிரான்ஸ்பரன்ட் ஆக்கி, எலிவேஷன் 0 வைத்து, வெள்ளைப் பெட்டியை ஸ்டாக்குக்குள் 40 மேல்இடைவெளியோடு வரையுங்கள். 80 அளவுள்ள வட்டம் மேலே 0-வில் நிற்கட்டும். இப்போது எல்லாமே எல்லைக்குள் இருக்கிறது.

ஐகானுக்குப் பதில் மேல்பகுதி முழுக்கப் படம் வைத்தால், வளைந்த மூலைகளைத் தாண்டிப் படத்தின் கூர்முனைகள் தெரியும். டயலாக்கின் கிளிப்பிஹேவியருக்கு ஆன்டிஅலியஸ் கொடுங்கள்.

தேர்வு மாறுவதில்லையே?

காரணத்தைத் தொட்டால் புள்ளி நகரவில்லை. மூடித் திறந்தால் நகர்ந்திருக்கிறது. பக்கத்தின் செட்ஸ்டேட் பக்கத்தை மட்டுமே மறுபடி வரையும், பெட்டி வேறு ரூட். ஒரே ஒரு டிக் பெட்டிக்கு, தன் பகுதியை மட்டும் மறுபடி வரையும் ஸ்டேட்ஃபுல்பில்டர் போதும். எழுதும் கட்டமும் இருப்பதால் இங்கே பெட்டியின் உள்ளடக்கத்தைத் தனி ஸ்டேட்ஃபுல்விட்ஜெட்டாகவே எழுதுங்கள்.

எழுதும் கட்டத்தின் எழுத்தை வைத்திருக்கும் டெக்ஸ்ட்எடிட்டிங்கன்ட்ரோலரையும் அந்த விட்ஜெட்டுக்குள்ளேயே உருவாக்கி, அதன் டிஸ்போஸில் விடுவியுங்கள். பக்கத்தில் உருவாக்கி, ஷோடயலாக் முடிந்த அடுத்த வரியிலேயே டிஸ்போஸ் செய்தால், விடுவித்த கன்ட்ரோலரைப் பயன்படுத்தியதாக எரர் வரலாம். பாப் அழைத்ததுமே பதில் வந்துவிடும், ஆனால் பெட்டி மங்கி மறையும் வரை இன்னும் திரையில்தான் இருக்கும்.

நம் அனிமேஷன் வேண்டுமென்றால்

ஷோஜெனரல்டயலாக் பயன்படுத்துங்கள். இயல்பான நேரம் 200 மில்லிசெகண்ட், அதை நீட்டத் தேவையில்லை. டிரான்சிஷன்பில்டரில் ஸ்கேலை 0.9-லிருந்து 1-க்குக் கொண்டுபோய் ஃபேட் சேர்த்தால் அழகாக இருக்கும். ஈஸ்அவுட்பேக் வளைவு நடுவே 1-ஐத் தாண்டிவிட்டுத் திரும்பும். ஸ்கேலுக்கு அது நல்லது, ஒபாசிட்டி விட்ஜெட் 0 முதல் 1 வரை மட்டுமே ஏற்கும் என்பதால் அங்கே எரர் வரும்.

வெளியே தொட்டு மூடும் வசதியை இதில் நாமே இயக்க வேண்டும், இயக்கினால் பேரியர்லேபிளும் கட்டாயம். எழுத்தெல்லாம் சிவப்பாகி அடியில் மஞ்சள் இரட்டைக் கோடு வந்தால் பதற வேண்டாம், விட்ஜெட் அடுக்கில் அந்த எழுத்துக்கு மேலே மெட்டீரியல் விட்ஜெட் இல்லை, அவ்வளவுதான். டயலாக் விட்ஜெட்டைப் பயன்படுத்தினால் அதிலேயே மெட்டீரியல் இருக்கிறது.

மூடாமல் தடுப்பது

பேரியர்டிஸ்மிசிபிள் ஃபால்ஸ் என்றாலும் ஆண்ட்ராய்டின் பேக் பட்டன் பெட்டியை மூடிவிடும். அதையும் தடுக்க பாப்ஸ்கோப்பில் கேன்பாப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள். சர்வரிடமிருந்து பதில் வரும் வரை மட்டும் இப்படிச் செய்யலாம். பதில் வராமலே போனால் வெளியேற வழியும் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பயனர் ஆப்பையே மூடித் திறக்க நேரும்.

பட்டனில் என்ன எழுதுவது

இந்தப் பெட்டிக்கு இது மிக முக்கியம். வழக்கமான மொழிபெயர்ப்பில் 'ரத்து' என்று ஒரு பட்டனும் 'சரி' என்று ஒரு பட்டனும் வந்துவிடும். ஆர்டரை ரத்து செய்யும் பெட்டியில் 'ரத்து' எதை ரத்து செய்யும்? 'வேண்டாம்' என்றாலும் அதே குழப்பம்தான்: ஆர்டர் வேண்டாமா, ரத்து வேண்டாமா? 'ஆர்டரை ரத்து செய்', 'ஆர்டர் இருக்கட்டும்' என்று முழுதாக எழுதுங்கள். நீளமாக இருப்பதால், பக்கம் பக்கமாக அடுக்கும் ரோவில் வைத்தால் வலப்பக்கம் வழியும். ஓவர்ஃப்ளோபாரில் வைத்தால் இடம் போதாதபோது ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். பட்டனுக்கு நிலையான உயரம் கொடுக்காதீர்கள், குறைந்தபட்சம் 48 என்று மட்டும் வையுங்கள். போனின் எழுத்து அளவைப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்கு நிலையான உயரத்தில் தமிழ் எழுத்தின் மேல்கொம்பும் கீழ்வளைவும் வெட்டுப்படும்.

சோதிக்கும்போது எழுத்து அளவை உச்சத்தில் வைத்து, போனைக் குறுக்காகத் திருப்பி, கீபோர்டைத் திறந்த நிலையில் இரண்டு பட்டன்களும் விரலுக்கு எட்டுகின்றனவா என்று பாருங்கள்.