வீட்டுப் பட்டறைக்குப் பெரிய மிக் வெல்டிங் இயந்திரம்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கங்களில் வீட்டின் பின்கட்டிலோ மாட்டுக்கொட்டகையை ஒட்டிய தகர ஷெட்டிலோ சிறிய பட்டறை வைத்துக்கொண்டு, வீட்டுக் கேட், மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட், ஷெட்டுக்கான ட்ரஸ் ஆகியவற்றைத் தாமே செய்துகொள்பவர்கள் பலர் உண்டு. இவர்கள் பெரும்பாலும் 120 அல்லது 140 ஆம்பியர் மிக் இயந்திரத்தில் (ராடுக்குப் பதில் சுருளிலிருந்து கம்பி தானாக வந்து எரியும் வெல்டிங்) தொடங்கி, கொஞ்சம் கை பழகியதும் இதைவிடப் பெரியது வேண்டும் என்ற முடிவுக்கு வருகிறார்கள். அந்த முடிவில் தவறில்லை. பெட்டியின் மேல் அச்சிட்ட ஆம்பியர் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதுதான் தவறு. இயந்திரத்திலிருந்து உண்மையில் எவ்வளவு ஆம்பியர் கிடைக்கும் என்பதை வீட்டின் மின் இணைப்பும் ஊரின் வெயிலுமே பெரிதும் தீர்மானிக்கின்றன. இந்த இரண்டையும் கணக்கில் எடுக்காமல் வாங்கிய 250 ஆம்பியர் இயந்திரம், பழைய 140 ஆம்பியர் இயந்திரம் செய்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும்.

இயந்திரத்தில் குறையில்லாதபோதும் அதன்மேல் பழி போடுவதை முதலில் சொல்ல வேண்டும். வெல்டு உள்ளே இறங்காமல் மேலே மேடாக நிற்கிறது, பொறி அதிகம் தெறிக்கிறது, கம்பி விட்டுவிட்டு வருகிறது என்றால், உடனே சக்தி போதவில்லை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் முதலில் இணைப்பைப் பார்க்க வேண்டும். கேஸ் இல்லாமல் ஓடும் ஃப்ளக்ஸ் கோர் கம்பி (உள்ளே ஃப்ளக்ஸ் பொடி நிரப்பிய கம்பி) பெரும்பாலும் டார்ச் (கையில் பிடிக்கும் துப்பாக்கி) நெகட்டிவிலும், கேஸுடன் ஓடும் சாதாரண இரும்புக் கம்பி டார்ச் பாசிட்டிவிலும் இணைக்கப்பட வேண்டும். கம்பியை மாற்றிவிட்டு இணைப்பை மாற்றாமல் விட்டால், எவ்வளவு பெரிய இயந்திரமாக இருந்தாலும் வெல்டு கெட்டுத்தான் போகும். பெயின்டின் மேலோ துருவின் மேலோ மாட்டிய எர்த் கிளாம்ப், தேய்ந்து ஓட்டை பெரிதான கான்டாக்ட் டிப் (டார்ச் நுனியில் கம்பி வெளிவரும் முனை), தூசி அடைத்த லைனர் (டார்ச் கேபிளுக்குள் கம்பி ஓடும் குழாய்) ஆகிய மூன்றும் இதே அறிகுறிகளைக் காட்டும். ராடு வெல்டிங்கில் பழகியவர்கள் துருவையும் பெயின்டையும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. மிக் அதைத் தாங்காது, இரும்பைப் பளபளவென்று கிரைண்ட் செய்த பிறகே அது ஒழுங்காகப் பிடிக்கும். இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் குறை நீடித்தால் மட்டுமே புது இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்தது, தொழிற்சாலையின் அளவை வீட்டுக்குக் கொண்டுவருவது. இராணிப்பேட்டை சிப்காட்டிலும், பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலையைச் சார்ந்த வேலைகளிலும் பழகியவர்களுக்குக் கனமான தகடும், மூன்று ஃபேஸ் மின்சாரமும், 1.2 மி.மீ. கம்பியும், 400 ஆம்பியர் இயந்திரமும் அன்றாடப் பொருள்கள். வீட்டு வேலையில் வரும் இரும்பு வேறு. கேட்டுக்கும் கிரில்லுக்கும் வாங்கும் ஸ்கொயர் டியூப் பொதுவாக 1.2 முதல் 2 மி.மீ. கனம், ஆங்கிள் 3 முதல் 5 மி.மீ.; தூணுக்கு அடியில் வைக்கும் பேஸ் பிளேட் 6 அல்லது 8 மி.மீ. இரும்பின் கனத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமார் 40 ஆம்பியர் என்பது பழைய கைக்கணக்கு. அதன்படி 2 மி.மீ. டியூபுக்கு 80, 3 மி.மீ. ஆங்கிளுக்கு 120, 5 மி.மீ.க்கு 200 ஆம்பியர் ஆகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, 6 மி.மீ. தகட்டை ஒரே ஓட்டத்தில் ஒட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் வீட்டு வேலையில் இல்லை என்பதாகும். விளிம்பைச் சாய்வாக கிரைண்ட் செய்து, இரண்டு மூன்று ஓட்டமாக வைத்தால் 180 அல்லது 200 ஆம்பியர் இயந்திரமே தாராளமாகப் போதும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் கனத்த தகட்டை மனத்தில் வைத்து இயந்திரம் வாங்கினால், அன்றாடம் வரும் மெல்லிய டியூபில் அது நமக்குத் தொல்லை தரும்.

அந்தத் தொல்லை என்னவென்று பலர் கேட்பதே இல்லை. இயந்திரம் அதிகபட்சம் எவ்வளவு தரும் என்று கேட்கும் நாம், குறைந்தபட்சம் எவ்வளவில் நிலையாக எரியும் என்றும் கேட்க வேண்டும். படிப்படியாகச் சுவிட்சைத் திருப்பும் பழைய டிரான்ஸ்பார்மர் வகைப் பெரிய இயந்திரங்களில், மிகக் குறைந்த படியே 1.2 மி.மீ. டியூபை ஓட்டை போட்டுவிடக்கூடும். மின்னணு போர்டு மூலம் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் இன்வர்ட்டர் வகையில் (வீட்டு பேட்டரி இன்வர்ட்டர் அல்ல) வோல்ட்டேஜையும் கம்பி வேகத்தையும் சிறிது சிறிதாக மாற்ற முடியும் என்பதால், வீட்டுக்கு அதுவே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கம்பியும் அப்படித்தான். 0.8 மி.மீ. கம்பி மெல்லிய டியூப் முதல் 5 மி.மீ. ஆங்கிள் வரை ஏறக்குறைய எல்லா வீட்டு வேலைக்கும் பொருந்தும். 1.2 மி.மீ. கம்பியை அதன் இயல்பான அளவில் ஓட்ட வேண்டுமானால் வீட்டு இணைப்பு தாங்காத மின்சாரம் தேவைப்படும்.

இயந்திரத்தின் பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய இழப்பைத் தரும் தவறு. 'மிக் 250' என்பது பல நேரங்களில் வெறும் மாடல் பெயர். வெல்டிங் இயந்திரங்களுக்கான ஐ.இ.சி. 60974-1 என்ற சர்வதேசத் தரத்தைப் பின்பற்றும் இயந்திரத்தின் தகட்டில், எத்தனை சதவீத டியூட்டி சைக்கிளில் எத்தனை ஆம்பியர் என்று ஓர் அட்டவணை இருக்கும். டியூட்டி சைக்கிள் என்பது பத்து நிமிடத்தில் எவ்வளவு நேரம் தொடர்ந்து எரிக்கலாம் என்ற கணக்கு. 200 ஆம்பியருக்கு 30 சதவீதம் என்றால், மூன்று நிமிடம் எரித்து ஏழு நிமிடம் ஓய்வு விட வேண்டும் என்று பொருள். அதே இயந்திரத்தை 60 சதவீதத்தில் ஓட்டினால் சுமார் 140 ஆம்பியரும், ஓய்வே இல்லாமல் ஓட்டினால் சுமார் 110 ஆம்பியரும்தான் கிடைக்கும். ஆகவே இரண்டு இயந்திரங்களை ஒப்பிடும்போது, 60 சதவீத வரியில் உள்ள எண்களை ஒப்பிடுவதே நேர்மையான ஒப்பீடு. அந்த அட்டவணையே இல்லாத இயந்திரத்தை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காமல் திரும்பிவிடுவது நல்லது.

இந்த அளவீடு 40 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டது என்பது நம் ஊருக்கு மிகவும் முக்கியமான செய்தி. வேலூரில் கத்திரி வெயில் நாள்களில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். தகர ஷெட்டுக்குள் அதைவிட அதிகமாக இருக்கும். அந்தச் சூட்டில் தகட்டில் எழுதிய நேரம் கிடைக்காது. வெப்பப் பாதுகாப்பு விளக்கு எரிந்து இயந்திரம் இடையிடையே நின்றுவிடும். அதுவே பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க ஓடுபவர்களும் உண்டு. எரிக்கும் நேரம் போதவில்லை என்பதுதான் உங்கள் குறை என்றால், அதிக ஆம்பியரைவிட அதிக டியூட்டி சைக்கிளைத் தேடுங்கள். சுவரோடு ஒட்டி வைக்காமல் பின்பக்க விசிறிக்குக் காற்று போக இடம் விடுவதும், கிரைண்டர் பொறி பறக்கும் திசையில் இயந்திரத்தை வைக்காமல் இருப்பதும் காசில்லாமல் கிடைக்கும் பலன்கள். கிரைண்டர் தூசியில் இரும்புத் தூள் கலந்திருக்கும்; அது உள்ளே போய் போர்டில் படிந்தால் ஷார்ட் ஆகும்.

இனி மின்சாரம். மிக் இயந்திரத்துக்கான வழக்கமான வோல்ட்டேஜ் கணக்கு, 14 உடன் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கைக் கூட்டுவது. 200 ஆம்பியரில் அது 24 வோல்ட். அதாவது வெல்டில் செலவாகும் திறன் 4.8 கிலோவாட். இயந்திரத்துக்குள் வீணாகும் பங்கையும், சாதாரண ஒற்றை ஃபேஸ் இன்வர்ட்டரின் குறைந்த பவர் ஃபேக்டரையும் (பயன்படும் வாட்டுக்குத் தேவையானதைவிட அதிக ஆம்பியர் இழுக்கும் இயல்பு) சேர்த்தால், 230 வோல்ட் இணைப்பிலிருந்து அது 30 முதல் 35 ஆம்பியர் வரை இழுக்கும். வீட்டில் இருக்கும் பவர் பிளக் 16 ஆம்பியருக்கானது. 120 ஆம்பியரில் எரித்தாலே அந்த பிளக் அதன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. பிளக் கருகுவதும், எம்.சி.பி. (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே அணையும் சுவிட்ச்) விழுவதும், பிறகு அதைவிடப் பெரிய எம்.சி.பி.யை மாட்டிச் சமாளிப்பதும் வரிசையாக நடக்கும். இந்தக் கடைசிச் செயல் மிகவும் ஆபத்தானது. எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் ஒயரை. ஒயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால் சுவருக்குள் தீப்பிடிக்க வழி செய்கிறோம்.

தகட்டில் உள்ளீட்டு மின்னோட்டத்துக்கு இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று எரியும்போது இழுக்கும் உச்ச அளவு. மற்றொன்று ஓய்வு நேரத்தையும் கணக்கில் சேர்த்த பயனுறு அளவு. உச்சம் 35 ஆகவும் டியூட்டி சைக்கிள் 30 சதவீதமாகவும் இருந்தால் பயனுறு அளவு சுமார் 19 ஆம்பியர். இந்த இரண்டு எண்களையும் எழுதிக் கொண்டுபோய் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் காட்டி, மீட்டர் பலகையிலிருந்து பட்டறைக்குத் தனி லைன், தனி எம்.சி.பி., இன்டஸ்ட்ரியல் வகை சாக்கெட், நல்ல எர்த் ஆகியவற்றுக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்ட பிறகே இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். சில வீடுகளில் இந்தச் செலவு இயந்திரத்தின் விலைக்கே அருகில் வந்துவிடும்.

ஒயரின் நீளத்தையும் பலர் அலட்சியம் செய்கிறார்கள். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் முப்பது மீட்டர் எக்ஸ்டென்ஷன் இழுத்து 20 ஆம்பியர் ஓட்டினால், அந்த ஒயரிலேயே 14 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகும். 4 சதுர மி.மீ. ஒயரில் அது ஐந்தரை வோல்ட் அளவில் நிற்கும். அணைக்கட்டு, கே.வி.குப்பம், பேரணாம்பட்டு போன்ற பகுதிகளில் லைனின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு, சுற்றிலும் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் வோல்ட்டேஜ் ஏற்கெனவே இறங்கியிருக்கலாம். டிரான்ஸ்பார்மர் வகை இயந்திரத்தில் உள்ளே வரும் வோல்ட்டேஜ் குறைந்தால் வெளியே போவதும் அதே விகிதத்தில் குறையும்; கம்பி உருகாமல் இரும்பில் போய் முட்டும். இன்வர்ட்டர் வகை தன் வெளியீட்டைக் காப்பாற்றிக்கொள்ள லைனிலிருந்து இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும்; அதனால் ஒயர் மேலும் சூடேறும். ஆகவே வாங்குமுன் மாலை நேரத்தில் மல்டிமீட்டர் வைத்து வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். ஏ.சி.க்கு வாங்கிய 4 கே.வி.ஏ. ஸ்டெபிலைசரை வைத்துச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். 200 ஆம்பியரில் ஓடும் இயந்திரத்துக்கு அதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தேவை.

250 ஆம்பியர் உண்மையிலேயே தேவைப்படுபவர்கள் மூன்று ஃபேஸ் இணைப்பைப் பற்றி யோசிப்பதே சரி. அங்கே சுமை மூன்றாகப் பிரிவதால் ஒவ்வொரு ஃபேஸிலும் 15 ஆம்பியர் அளவில் முடிந்துவிடும். வீட்டு இணைப்பில் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்பதை மின்வாரியத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சொந்த வேலை என்ற எல்லையைத் தாண்டி, காசு வாங்கிக்கொண்டு பிறருக்குக் கேட் செய்து கொடுக்கத் தொடங்கினால், வீட்டு இணைப்பில் அதைச் செய்யக் கூடாது. அனுமதித்த நோக்கத்துக்கு மாறாக மின்சாரத்தைப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின் கீழ் வரும்.

கேஸைப் பற்றி இரண்டு செய்திகள். தனி கார்பன் டை ஆக்சைடு விலை குறைவு, வெல்டும் ஆழமாக இறங்கும், ஆனால் பொறி அதிகம் தெறிக்கும். ஆர்கான் கலந்த கேஸில் வெல்டு அழகாக வரும், விலை அதிகம். கனமான ஆங்கிளில் ஆழம் போதவில்லை என்று பெரிய இயந்திரம் தேடுபவர்கள், முதலில் தனி கார்பன் டை ஆக்சைடில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரிக்கு மேல் திரவமாக நிற்காது; எனவே நம் ஊர் வெயிலில் கிடக்கும் சிலிண்டருக்குள் அழுத்தம் கடுமையாக ஏறும். சிலிண்டரை நிமிர்த்தி, சங்கிலியால் கட்டி, நிழலில் வைக்க வேண்டும். ஆடிக் காற்றில் மொட்டை மாடியில் வேலை என்றால் கேஸ் பறந்துவிடும். அப்போது ஃப்ளக்ஸ் கோர் கம்பியே கைகொடுக்கும் என்பதால், இணைப்பை மாற்றிக்கொள்ள வசதியுள்ள இயந்திரமாகப் பார்த்து வாங்குங்கள்.

டார்ச்சைக் கவனிக்காமல் விடுவதும் வழக்கம். 200, 250 என்று பெயர் போட்ட இயந்திரத்துடன் '15' என்ற அளவு எண் கொண்ட சிறிய டார்ச் வந்தால், அது கார்பன் டை ஆக்சைடில் 180 ஆம்பியருக்கானது. அதற்கு மேல் பிடி சுடும், நாசில் கெடும். டார்ச்சைக் கழற்றி மாட்டும் யூரோ கனெக்டர் இருந்தால் பின்னால் பெரிய டார்ச் மாற்றலாம். இயந்திரத்தோடு நிலையாகப் பொருத்திய டார்ச்சில் அது முடியாது. டிப், நாசில், லைனர் ஆகியவை வேலூரிலேயே கிடைக்கின்றனவா, போர்டு பழுதானால் எங்கே அனுப்ப வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

கடைசியாக, கடையில் அவர்கள் வைத்திருக்கும் சுத்தமான தகட்டில் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் வேலையில் வரும் 1.6 மி.மீ. டியூப் துண்டும், 5 மி.மீ. ஆங்கிள் துண்டும் நீங்களே கொண்டுபோங்கள். டியூபில் ஓட்டை விழாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஆங்கிள் துண்டுகள் இரண்டை 'டி' வடிவில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டு வைத்து, ஆறிய பின் வெல்டு உள்ள பக்கம் நோக்கி இரும்பு மடங்கும்படி, வெல்டு இல்லாத பக்கத்திலிருந்து சுத்தியலால் அடியுங்கள். இரும்பு வளைந்தும் வெல்டு விடாமல் நின்றால் ஊடுருவல் சரி. வெல்டு தோலுரிந்தாற்போலக் கழன்று வந்து, அடியில் இரும்பு உருகிய தடமே இல்லாமல் வழவழப்பாகத் தெரிந்தால், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஒட்டியிருக்கவே இல்லை. அப்படியானால் கம்பி வேகத்தையும் வோல்ட்டேஜையும் உயர்த்தி மீண்டும் ஒருமுறை வைக்கச் சொல்லுங்கள். அப்போதும் கழன்றால் அந்த இயந்திரம் உங்கள் ஆங்கிளுக்குப் போதாது.